வரப்போரம் எடுத்த புல்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது திரும்பிப் போனார்கள் என்பதையெல்லாம் நான் குறித்து வைத்திருப்பதாக ஒரு பேச்சு உண்டு. நான் எதையும் குறித்து வைப்பதில்லை. அதெல்லாம் தானாகவே ஞாபகம் இருக்கிறது. தையல் மெஷினை வாசல் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன், வெளிச்சத்துக்காக. துணி வெட்டும் மேசை பின்ஜன்னலைப் பார்த்து இருக்கிறது, அதுவும் வெளிச்சத்துக்காகத்தான். முன்னால் பார்த்தால் தெரு, பின்னால் பார்த்தால் ஐஸ் ஃபேக்டரியின் முதுகு. கண்ணைக் கட்டிக்கொண்டா தைக்க முடியும்?

மாடி அறைக்கு அவள் குடிவந்த அன்றைக்கே எனக்கு ஓரளவு விஷயம் தெரிந்துவிட்டது. ஆபீஸ் ஜீப்பில் வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு மரப்பெட்டி. பாயையும் பெட்டிகளையும் டிரைவர் தூக்கினார். மரப்பெட்டியை மட்டும் யாரையும் தொட விடாமல் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படியேறினாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு கயிறு. அதில் சின்னதாக ஒரு பூதக்கண்ணாடி.

"என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டேன். வாடகைக்கு விட்டவள் என்ற முறையில் கேட்கத்தானே வேண்டும்.

"புல்லுங்கக்கா."

"மாட்டுக்கா?"

"மாடு சீண்டாது. உப்புநிலத்துல வளர்ற புல்லு. இந்தக் கடலோரத்துலயே ஆதியிலேர்ந்து இருக்கிறது."

படித்துப் பட்டம் வாங்கிவிட்டு மாடு சீண்டாத புல்லுக்குக் காவல் இருக்கிறாள் என்று தெருவில் சொன்னேன். மறுநாளிலிருந்து எல்லோரும் அவளைப் புல் மேடம் என்றார்கள். பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லையாம்.

அவள் வந்து ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்து ஒரு ஆர்டர் கொடுத்தாள். துணிப்பை. விரல் நீளம், இரண்டு விரல் அகலம், வாயில் இழுத்துக் கட்ட நூல். இருநூறு. முப்பது வருஷத் தொழிலில் பச்சைக்குழந்தைக்குத் தைத்திருக்கிறேன், மணப்பெண்ணுக்குத் தைத்திருக்கிறேன், ஒருத்தர் வீட்டு ரேடியோவுக்குக்கூட உறை தைத்திருக்கிறேன். புல்லுக்குத் தைத்ததில்லை. முதல் பையை அவளிடம் கொடுத்ததும் அதில் முகப்பவுடரைப் போட்டுக் கறுப்புத் துணிமேல் உதறிப் பார்த்தாள். தையல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"ஊசி ஓட்டை வழியா வருதுக்கா. ஓரத்தை மடிச்சு இன்னொரு தையல் போடணும்."

என் தையலில் ஓட்டை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். பொறுத்துக்கொண்டு மடித்துத் தைத்தேன். அப்புறம் சும்மா இருக்க முடியாமல், இது எதற்கு என்று கேட்டேன்.

"இந்தப் புல்லுல ஆண் செடி வேற, பெண் செடி வேறக்கா. பப்பாளி மாதிரி. ஆண் கதிர்லேர்ந்து மகரந்தம் காத்துல பறந்து பெண் கதிர்ல விழுந்தாத்தான் விதை. பெண் கதிருக்கு இந்தப் பையை மாட்டிட்டா, நான் போடுற மகரந்தம் தவிர வேற எதுவும் உள்ள போகாது. யாரோடது யாருக்குப் போச்சுன்னு தெரிஞ்சிடும்."

"அதாவது யார் யார் வீட்டுக்குப் போறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"ஆமாக்கா."

"இதுக்காடி பட்டம் வாங்கினே? நான் படிக்காமலே பார்க்கிறேனே."

சிரித்தாள். எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அவள் ஆபீஸின் கதையை எனக்குச் சொன்னது டிரைவர். சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கக் கொடுத்துவிட்டு, முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிற மனிதர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடலோரத்தில் ஆறு ஏக்கர் நிலத்தில் அந்தப் புல்லை நட்டார்களாம். கரையை அலை அரிக்காமல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று. புல் நன்றாகத்தான் படர்ந்தது. மண்ணுக்கடியில் தண்டு ஓடி, ஓடிய இடத்திலெல்லாம் தலை நீட்டும். ஆனால் ஒரு விதைகூட வைக்கவில்லை. விதை விழுந்து தானாகப் பரவினால்தான் மிச்சக் கரைக்கும் இந்தப் புல், இல்லாவிட்டால் பாறாங்கல்லைக் கொட்டிவிடுவோம் என்று மேலே ஒரு கமிட்டி சொல்லிவிட்டது. மண் சரியில்லை என்று மூன்று வருஷம் லாரி லாரியாக மண் கொட்டிப் பார்த்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில்தான், விதை ஏன் வைக்கவில்லை என்று கண்டுபிடிக்க இவளை ஒரு வருஷத்துக்கு எடுத்தார்கள். கல்லூரியில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை டிரைவர் சொல்லவில்லை. அவள் மாடிப்படியில் நின்று அவள் அண்ணனிடம் ஃபோனில் பேசியது எனக்குக் கேட்டது. படி என் கடைச் சுவரை ஒட்டித்தான் போகிறது.

புல் பூத்த முதல் நாள் இருநூறு பைகளையும் எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் இருநூறும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. அவள் யாரையும் பார்க்காமல் படியேறிப் போனாள். டிரைவர் காலருக்காக வந்தார்.

"என்னாச்சு?"

"காலையிலேர்ந்து குனிஞ்ச தலை நிமிரலை. ஒவ்வொரு கதிரா கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. வண்டியில ஏறும்போது ஒரே வார்த்தைதான் சொன்னாங்க."

"என்னன்னு?"

"எல்லாம் ஆண்."

"எல்லாமேவா?"

"ஆறு ஏக்கர்."

மெஷினை நிறுத்திவிட்டேன். ஆறு ஏக்கர் ஆம்பிளைகள். ஆறு வருஷமாக ஒன்றோடொன்று தோளிடித்துக்கொண்டு, காற்றில் மகரந்தத்தை வாரி விட்டுக்கொண்டு, வாங்கிக்கொள்ள ஒருத்திகூட இல்லாமல். அதற்கு மூன்று வருஷம் லாரியில் மண் வேறு.

"அதெப்படிப்பா ஒண்ணுகூட பெண் வராம போகும்?"

டிரைவர் வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார். இப்படிச் செய்கிறவர்கள் சொல்கிற விஷயம் எப்போதும் நன்றாக இருக்கும்.

"அந்தச் செடியெல்லாம் பழைய சதுப்புல எடுத்தது. நான்தான் வண்டி ஓட்டினேன். எங்க சார் அப்ப புதுசா வந்திருந்தாரு. புது ஷூ. கண்ணாடி மாதிரி மின்னும். சேத்துல இறங்க மாட்டேன்னுட்டாரு. நடுவுல ஒரு வரப்பு இருந்தது, அது மேலயே நடந்து போய், ரெண்டு பக்கமும் கைக்கு எட்டுனதை எல்லாம் தோண்டிக் கட்டச் சொன்னாரு. அங்க நல்லா செழிப்பா இருந்தது. முப்பது மூட்டை. அரை மணியில வேலை முடிஞ்சிருச்சு."

"அதனால?"

"இந்தப் புல்லுல பெண்ணெல்லாம் தாழ்வா, ஈரமா இருக்கிற பக்கம் போயிடுமாம். மேட்டுல நிக்கிறது ஆணுதான். மேடம் இன்னைக்கு வண்டியில சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஷூ ஞாபகம் வந்தது."

"அவகிட்ட சொன்னியா?"

"கேட்டாங்க, சொன்னேன். சாரும் அப்படித்தான் நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்காரு. வரப்போரம் எடுத்ததுன்னு."

இவர்கள் ஆபீஸ் தலைவருக்குப் பாலிஷ் சார் என்று பெயர் வைத்தது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சதுப்புக்கே திரும்பிப் போய்ப் பெண் செடி எடுக்கலாம் என்றால், அதன்மேல் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. முழுக்கக் கான்கிரீட். பாலிஷ் சார் புல் மேடத்தைக் கூப்பிட்டு, "இந்தப் பகுதியில் இந்தப் புல் விதை வைப்பதில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, கமிட்டி ஒன்பது வாரத்தில் வருகிறது, எல்லோருக்கும் நல்லது என்றாராம். அந்த வரியை எழுதினால் கரைக்குக் கல் வரும். இவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எழுதாவிட்டால் பெண் செடியைக் காட்ட வேண்டும், விதையைக் காட்ட வேண்டும். பூ இன்னும் இரண்டரை வாரத்துக்குத்தான் இருக்கும்.

அன்று இரவு படியில் அவள் குரல் கேட்டது. "நீ சொல்லிக் காட்டாதேண்ணா. நான் இங்க தப்பா வந்திருந்தா நானே சொல்றேன்."

மறுநாள் காலை பைகளோடு கடைக்கு வந்தாள். "இனிமே தேவையில்லக்கா. வேற எதுக்காவது வெச்சுக்குங்க." கூடவே ஒரு ஆண் கதிரை மேசைமேல் போட்டாள், என் தையலுக்கு வேலை இல்லாமல் போன காரணத்தைக் காட்டுவது போல. மஞ்சளாக மகரந்தப் பைகள் நூலில் தொங்கின. கதிருக்குக் கீழே இலைகள் விறைப்பாக, இரண்டு வரிசையாக, சீப்பு மாதிரி நின்றன.

அந்த இலையை நான் பார்த்திருக்கிறேன்.

"இதேதானா? இதுமேலதானே எங்க நாத்தனார் வீட்டுக்காரர் தினமும் பதினோரு மணிக்கு உட்கார்றாரு."

ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர் அவர். சிகரெட்டை விட்டுவிட்டதாக என் நாத்தனாரிடம் சத்தியம் செய்தவர். ஃபேக்டரிக்குப் பின்னால் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஐஸ் அச்சுகளை அந்தத் தண்ணீரில்தான் இறக்குவார்கள். தொட்டி எத்தனையோ வருஷமாகக் கசிகிறது. கசிவு தேங்குகிற பள்ளத்தில் வேறு எதுவும் முளைக்காது, இந்தப் புல் மட்டும் இரண்டு கட்டில் அகலத்துக்கு மெத்தை போட்டிருக்கிறது. ஓரமாகக் கிடக்கும் கல்மேல் உட்கார்ந்து, காலைப் புல்லின்மேல் நீட்டிக்கொண்டு அவர் ஊதுவார். இந்த விஷயத்தை நான் ஒன்றரை வருஷமாக, தக்க சமயம் வரட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

புல் மேடம் பின்ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்டும் மேசைமேல் ஏறி, கம்பி இல்லாத பக்கமாக அந்தப்புறம் குதித்துவிட்டாள். கணுக்கால்வரை சேற்றில் நின்று, குனிந்து, கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகப் பார்த்தாள். நான் ஒரு சட்டைக்குப் பட்டன் ஐந்தும் வைத்து முடித்துவிட்டேன். அப்போதுதான் ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஒரு கதிர். குட்டையாக, நெருக்கமாக, தொங்கல் எதுவும் இல்லாமல், நுனியில் மட்டும் வெள்ளையாக மெல்லிய இறகு மாதிரி.

"பெண்ணுக்கா. எல்லாமே பெண்."

இங்கே பள்ளத்தில் பெண்கள் மட்டும், அங்கே கடலோரத்தில் ஆண்கள் மட்டும். நடுவில் இருபது நிமிஷ ஜீப் பயணம். இரண்டு பக்கத்தையும் முடிச்சுப் போட்டு வைத்தது நான் என்பதை இன்றுவரை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்கணும்," என்றாள். "இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து கசிவைப் பார்க்குதுன்னு அந்த மேனேஜர் காதுல விழுந்தா, அன்னிக்கே வெட்டி மூடிடுவாரு. விதை முத்துற வரைக்கும் பொறுத்துக்குங்க. ஏழு வாரம்."

ஏழு வாரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் சரி என்றேன்.

அப்புறம் ஒன்பது நாள் தினமும் காலையில் அந்த வேலை நடந்தது. ஆண் கதிர்களை விடிந்ததும் வெட்டி, தண்ணீர் பாட்டிலில் நிறுத்தி, ஜீப்பில் கொண்டு வருவாள். இந்தப் புல்லின் மகரந்தத்துக்கு உயிர் கொஞ்ச நேரம்தானாம்; அரைமணி தாண்டினால் வெறும் தூசி. அதனால் டிரைவர் ஓட்டுகிற ஓட்டத்தைப் பார்த்து ஒருநாள் டிராஃபிக் போலீஸ்காரர் மறித்து, வண்டியில் நோயாளி எங்கே என்று கேட்டாராம். டிரைவர் புல் பாட்டிலைக் காட்டியிருக்கிறார். போலீஸ்காரர் வழி விட்டாராம்.

ஜன்னல் வழியாக அவள் இறங்குவாள். நான் பாட்டிலை நீட்டுவேன். பெண் கதிர்மேல் ஆண் கதிரைத் தட்டினால் மஞ்சளாக லேசான புகை மாதிரி இறங்கும். உடனே பையை மாட்டிக் கட்டுவாள். மகரந்தம் போட்டவற்றுக்குச் சிவப்பு நூல், எதுவும் போடாமல் சும்மா மூடியவற்றுக்கு வெள்ளை நூல். "வெள்ளையில விதை வரக்கூடாது, சிவப்புல வரணும். அப்பத்தான் ஆண் இல்லாததுதான் குறைன்னு ஆகும். மண்ணும் உப்பும் குற்றவாளி இல்லைன்னு ஆகும்."

என் நாத்தனார் வீட்டுக்காரர் இதைப் பார்க்காமல் இருப்பாரா? முதல் நாளே பார்த்தார். சிகரெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அவளும் கையில் பையோடு நின்றாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் உடன்படிக்கை ஆகிவிட்டது. அவர் பையைப் பார்க்கவில்லை. இவள் புகையைப் பார்க்கவில்லை. கல்லைக்கூட அவரே இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு மாதம் இருந்தேன். பெரிய விஷயம் அது. ஒரு நாளைக்கு இருபது பேர் வந்து போகிற கடை. பால்காரர் கேட்டார், எதிர்வீட்டு நர்ஸ் கேட்டாள், "என்ன உங்க பின்ஜன்னல்ல எப்பவும் ஆள் நடமாட்டம்?" என்று. வெளிச்சம் வரட்டும் என்று சுத்தம் செய்கிறோம் என்றேன்.

முப்பத்து மூன்றாவது நாள் என் நாத்தனார் ஜாக்கெட் பிரிக்க வந்தாள். என் வீட்டுக்காரர் உள்ளே இருமினார். அவருக்கு சிகரெட் பழக்கம் உண்டு, அதை அவர் மறைக்கவில்லை.

"எங்க அண்ணனைக் கொஞ்சம் கண்டிச்சு வைக்கக் கூடாதா அண்ணி?" என்றாள். "நான் ஒரு வார்த்தை சொன்னேன், எங்க வீட்டுல அந்தப் பாக்கெட்டையே வாசலுக்கு வெளிய வீசிட்டாரு. பொம்பளை கையிலதான் எல்லாம் இருக்கு."

"சரி."

"இல்ல, உங்களுக்கு ஊர்ல நடக்கிறதைப் பார்க்கத்தான் நேரம் சரியா இருக்கு. வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க நேரமில்ல பாருங்க. அதான் சொன்னேன்."

முப்பத்து மூன்று நாள் நான் பிடித்து வைத்திருந்தது அந்த இடத்தில் அவிழ்ந்தது.

"வாசலுக்கு வெளிய வீசலைம்மா. தொட்டிக்குப் பின்னால வெச்சிருக்காரு. தினமும் பதினோரு மணி. நான் மட்டுமா பார்க்கிறேன், மாடி மேடம் அங்க புல்லுக்குப் பை கட்டும்போது அவளும்தான் பார்க்கிறா. வேணும்னா கேட்டுக்கோ."

அவள் பிரித்த ஜாக்கெட்டை அப்படியே சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முதலில் மனசு குளிர்ந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் பாத்திரம் பேசியிருக்கிறது. மேடம்தான் காட்டிக்கொடுத்தாள் என்று நாத்தனார் வீட்டுக்காரர் முடிவு செய்துகொண்டார். உடன்படிக்கையை அவள் மீறினால் இவர் மட்டும் ஏன் காக்க வேண்டும்? காலையில் நேராக மேனேஜரிடம் போய், ஆபீஸ்காரி ஒருத்தி தொட்டிக்குப் பின்னால் கசிவுத் தண்ணீரில் என்னவோ மூட்டை கட்டிச் சோதனை செய்கிறாள் என்று சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆட்கள் ஒரு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு டிராக்டர் நிறைய கட்டட இடிபாடு காத்திருந்தது. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்தபடி நின்றார். புல் மேடம் கடலோரத்தில். ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. அவள் வயலில் இறங்கினால் ஃபோனை வண்டியில் போட்டுவிடுவாள்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. வலது முழங்கால் மடங்காது. மேசைமேல் ஏறி, துணி நனைக்கும் தொட்டியை முதலில் போட்டு, பின்னாலேயே நானும் விழுந்தேன். இறங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

"என்னம்மா இது, இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"இந்தப் புல்லு கொஞ்சம் வேணும் சார். மூட்டு வலிக்கு."

"இதுவா?"

"வேரோட காய்ச்சி ஒத்தடம் கொடுத்தா முழங்கால் பட்டுனு விட்டுரும். டாக்டரே சொன்னாரு."

அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பை எல்லாம் என்ன?"

"நான் கட்டினதுதான். பூச்சி திங்காம இருக்கணும்ல."

ஆட்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். வெட்டியது போக நடுவில் மிச்சம் இருந்தது. மண்வெட்டியை வாங்கி, பை கட்டிய கதிர்கள் நிறைய இருந்த மூன்று பாளங்களை அடியோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன். நாலாவது பாளத்துக்குத் தொட்டியில் இடம் இல்லை. நான் ஜன்னல் ஏறுவதற்குள் டிராக்டர் கொட்டிவிட்டது. போகும்போது மேனேஜர், "எத்தனை வேளைம்மா ஒத்தடம்?" என்று கேட்டார். மூன்று என்றேன்.

மத்தியானம் அவள் வந்தபோது தொட்டியைக் காட்டினேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் வாய் உட்பட. மழுப்பலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் நாத்தனார் வேறு விதமாகச் சொல்லிவிடுவாள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உட்கார்ந்து பைகளை எண்ணினாள். நூற்று நாற்பது கட்டியிருந்தாள். சிவப்பு பத்தொன்பது, வெள்ளை ஆறு மிச்சம். ஒரு சிவப்புப் பையைப் பிரித்து, கதிரில் ஒரு மணியை நகத்தால் நசுக்கினாள். பால் வரவில்லை, மாவு மாதிரி வந்தது.

"பால் தாண்டிருச்சுக்கா. வேர் உதறாம எடுத்திருக்கீங்க. இன்னும் ரெண்டு வாரம் வாடாம இருந்தா முத்திடும்." எழுந்து போனவள் வாசலில் நின்றாள். "ஜன்னல்லேர்ந்து குதிச்சீங்களாமே."

"விழுந்தேன்."

"மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"ஒத்தடம் கொடுக்கலாம்னு இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

தொட்டியைப் பின்கட்டில் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். உப்புநிலத்துப் புல்லாயிற்றே என்று இரண்டு நாள் காலையும் மாலையும் தண்ணீரில் கைநிறைய உப்பைக் கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. நோய் என்று பயந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான உப்பு. வேண்டாததை இலை வழியாக வெளியே தள்ளியிருக்கிறது.

"யாரு உப்பு போட்டது?" என்றாள்.

"அதுக்குப் பிடிக்கும்னு..."

"பிடிக்காதுக்கா. தாங்கிக்கும். மத்ததெல்லாம் செத்துப் போற இடத்துல இது தாங்கிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். நல்ல தண்ணி ஊத்துங்க, சந்தோஷமா குடிக்கும்."

அதற்கப்புறம் குழாய்த் தண்ணீர்தான். காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் அதற்கு ஊற்றினேன்.

கமிட்டி வருவதற்கு மூன்று நாள் முன்னால் என் வெட்டும் மேசையில் வெள்ளைத் தாள் விரித்துப் பைகளைப் பிரித்தாள். முதலில் வெள்ளை நூல் ஆறும். கதிர்கள் முழுசாக இருந்தன, உள்ளே பதர். ஒன்றும் இல்லை. அப்புறம் சிவப்பு. முதல் பையை உதறியதும் தாளில் பழுப்பாக நாலு விழுந்தன. எள்ளில் பாதி இருக்கும். நான் மூச்சு விட்டால் பறந்துவிடும் போல இருந்ததால் விடவில்லை. பத்தொன்பது பையிலும் சேர்த்து எழுபத்திரண்டு. அவள் இரண்டு தடவை எண்ணினாள். எனக்கு நம்பிக்கை இல்லாமல் நானும் எண்ணினேன்.

மறுநாள் பாலிஷ் சார் வந்தார். முன்னதாகவே பார்த்துவிட வேண்டும் என்று அவரே வந்துவிட்டார். உயரமான, களைத்த மனிதர். ஷூவைப் பற்றிச் சொன்னது மிகையில்லை. அதில் என் கடைக் கூரை தெரிந்தது. பின்கட்டில் தொட்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடி வழியாக விதையைப் பார்த்தார். வெள்ளைப் பையைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார்.

"பெண் செடியே இந்தப் பக்கம் இல்லைன்னு நெனச்சேன்."

"இருந்திருக்கு சார். பழைய சதுப்புலயும் தாழ்வான பக்கம் இருந்திருக்கும். மேட்டுல எடுத்தது மட்டும் ஆண்."

"எடுத்தது யாருன்னு நோட்டுல இருக்கும்."

"இருக்கு சார்."

டிரைவர் ஆகாயத்தைப் பார்த்தார். மழைக்கு அறிகுறி எதுவும் இல்லை. நான் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தேன். நூல் தேவைப்படாத இடத்தில் நின்றுகொண்டுதான். என் வாயில் அந்தப் புது ஷூவும் அரை மணியும் முப்பது மூட்டையும் வரிசையாக வந்து நின்றன. நூலை இன்னும் கொஞ்சம் கடித்தேன்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கீங்க?"

அவள் தாளை நீட்டினாள். அவர் வாய்விட்டே படித்தார். "'தாய்ச்செடிகள் வரப்போரம் மட்டும் எடுக்கப்பட்டதால், நடப்பட்டவை அனைத்தும் ஆண்.'" அடுத்த வரியைத் தேடினார். அடுத்த வரி விதை எண்ணிக்கைக்குப் போய்விட்டது. எடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார் காரணம்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத இடம் தேடினார். என் மேசையைக் காட்டினேன். துணி வெட்டுகிற இடத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டி எழுபத்திரண்டையும் பார்த்தது. கல் வேண்டாம், அடுத்த பூவுக்கு முன்னால் ஆறு ஏக்கரிலும் ஊடே ஊடே பெண் செடி நட வேண்டும், அதுவரை இவளே இருக்கட்டும் என்று இரண்டு வருஷம் கொடுத்தது. அவள் படியில் நின்று அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். "இல்லண்ணா, தப்பா வரலை," என்று மட்டும்தான் கேட்டது. கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம்.

ஆனால் ஆறு ஏக்கருக்குப் பெண் செடிக்கு எங்கே போவது? என் தொட்டியில் மூன்று பாளம். மிச்சமெல்லாம் ஐஸ் ஃபேக்டரி இடிபாட்டுக்கு அடியில். ஒரு மாதத்தில் அந்தச் செங்கல் சந்துகளுக்குள்ளிருந்து சீப்பு மாதிரி இலைகள் வரிசையாக வெளியே வந்துவிட்டன. மண்ணுக்கடியில் தண்டு ஓடுகிற புல்லை மேலே கொட்டி மூட முடியாது என்பது மேனேஜருக்குத் தெரியவில்லை. ஃபேக்டரியின் உப்புத் தொட்டியும் இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது.

எடுத்துக்கொள்ளலாமா என்று புல் மேடம் கேட்கப் போனாள். மேனேஜர் யோசித்தார். கண்டவர்கள் உள்ளே வந்து கண்டதைப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பெரிய அதிகாரியே நேரில் நின்று எடுத்துக்கொண்டு போனால் சம்மதம், வேறு யாரையும் தொட்டிப் பக்கம் விடமாட்டேன், ஒரு ஆள் உதவிக்கு வேண்டுமானால் எங்கள் ஆளே வருவார் என்றார்.

அதனால் போன வாரம் வியாழக்கிழமை காலை பாலிஷ் சார் என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ இரண்டையும் கழற்றினார். சாக்ஸைக் கழற்றி உள்ளே சொருகினார். இடது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டார்.

"இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா," என்றார்.

"வெச்சுட்டுப் போங்க சார்."

ஃபேக்டரி வாசலைச் சுற்றிப் போய்ப் பின்னால் வந்து சேர்ந்தார். இடிபாட்டைத் தாண்டி முதல் அடியிலேயே முழங்கால்வரை இறங்கிவிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், அடுத்த காலை எங்கே வைப்பது என்று. உதவிக்கு வந்த ஃபேக்டரி ஆள் என் நாத்தனார் வீட்டுக்காரர்தான். அவர் கையை நீட்டினார். இரண்டு பேரும் குனிந்து செங்கலை ஒவ்வொன்றாக நீக்கி, பாளம் பாளமாகப் பெயர்த்து என் ஜன்னலில் வைத்தார்கள். இந்தப் பக்கம் நின்று புல் மேடம் வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றினாள். "இன்னும் உள்ள போங்க சார், பள்ளத்துல இருக்கிறதுதான் நல்லா இருக்கும்," என்றாள். அவர் போனார்.

அப்போது என் நாத்தனார் வந்தாள். பிரித்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வந்திருந்தாள். அந்தச் சண்டைக்கு அப்புறம் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஸ்டூலுக்குக் கீழே பளபளவென்று இருந்த ஷூவைப் பார்த்தாள். பின்ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி ஷூவைப் பார்த்தாள்.

"யாரோடது அண்ணி? சாக்ஸ்ல ஓட்டை வேற."

ஜாக்கெட்டை வாங்கி மெஷினில் வைத்தேன்.

"யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க," என்றேன். "தோள்ல அரை இஞ்ச் விடட்டுமா, ஒரு இஞ்ச் விடட்டுமா?"